ஒன்பதரை மாதம் ஆகிறது, இன்னும் தவழவில்லை. தவழாமலே நடந்துவிடுமா?

அரைத்தூக்கம்:

வணக்கம். பல மாதமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், இன்றுதான் முதல்முறையாக வாயைத் திறக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மடியில் ஒருவன் தூங்குகிறான், ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் மகனுக்கு ஒன்பதரை மாதம். முதல் குழந்தை. 35 வாரத்திலேயே பிறந்துவிட்டான், ஒரு வாரம் இன்குபேட்டரில் இருந்தான், அப்புறம் எடையெல்லாம் ஒழுங்காக ஏறியது. இரண்டரை மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தான். ஐந்தாம் மாதம் தலை நின்றது. ஆறரையில் குப்புற விழுந்தான். எட்டு முடிகிற சமயத்தில் தானாக உட்கார்ந்தான். இதுவரை சரி.

தவழத்தான் மாட்டேன் என்கிறான். குப்புறப் போட்டால் ஒரு நிமிடம் பொறுப்பான், பிறகு ஊரைக் கூட்டுகிற அழுகை. அதற்குப் பதிலாக உட்கார்ந்த வாக்கிலேயே நகர்கிறான். வலது கையைத் தரையில் ஊன்றிப் புட்டத்தை இழுத்து இழுத்து, துடுப்புப் போடுகிற மாதிரி. நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் அறையின் மறுகோடியில் இருக்கிறான், அவ்வளவு வேகம். வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன், எல்லோரும் சிரித்தார்கள்.

நாத்தனார் மகள் இவனைவிட மூன்று வாரம் இளையவள். அவள் ஏழாம் மாதமே முட்டி போட்டுத் தவழ்ந்து, இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்ததும் கூடத்தில் ஒரு அமைதி வருமே, அது போதாதா? போதாக்குறைக்குப் போனில் ஒரு செயலி. வாராவாரம் "உங்கள் குழந்தை இந்நேரம்" என்று ஒரு பட்டியல் அனுப்பும். நான் டிக் போடாத கட்டங்கள் சிவப்பாக நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்து அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மற்றதில் படு சுட்டி. பொம்மையைத் துணியால் மூடினால் துணியை இழுத்துக் கண்டுபிடிக்கிறான். புது ஆள் தூக்கினால் அழுகிறான். நாள் முழுக்க "பாபாபா, தாதாதா". எதை நீட்டினாலும் வலது கையால் லபக்கென்று பிடுங்கிக்கொள்வான், இடது பக்கம் வைத்தாலும் உடம்பையே திருப்பி வலது கையால்தான் எடுப்பான். இவன் அப்பா இடதுகைக்காரர், "நல்லவேளை, கத்தரிக்கோலோடு மல்லுக்கட்ட வேண்டாம், தப்பித்தான்" என்று சந்தோஷப்படுகிறார்.

கேள்வி இவ்வளவுதான். தவழாத குழந்தை நேராக நடந்துவிடுமா? தவழ வைக்க நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

இரட்டையர்_அப்பா:

முதல் வேலையாக அந்தச் செயலியைத் தூக்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இரட்டையர். ஒரே நாளில், ஏழு நிமிட இடைவெளியில் பிறந்தவர்கள், ஒரே பாய், ஒரே பொம்மை, ஒரே அம்மா அப்பா. மகள் பத்தரை மாதத்தில் நடந்தாள். மகன் பதினைந்து முடிந்து பதினாறில்தான் கையை விட்டான், அதுவரை உட்கார்ந்து அவள் ஓடுவதை வேடிக்கை பார்த்தான். இப்போது ஏழு வயது, யார் முதலில் நடந்தது என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் ஆரோக்கியமான குழந்தைகளே பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை, முட்டி போட்டுத் தவழ்ந்தது 5.2 முதல் 13.5 வரை, தானாக நடந்தது 8.2 முதல் 17.6 வரை. எவ்வளவு அகலம் பாருங்கள். செயலி இதையெல்லாம் ஒரே ஒரு மாதமாகச் சுருக்கி உங்கள் தலையில் கட்டுகிறது. அதே ஆய்வில் சுமார் 4.3 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை, நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2022-இல் தன் குழந்தை வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து எடுத்தேவிட்டது.

இன்னொன்று, உங்கள் கணக்கே தப்பு. 35 வாரம் என்றால் ஐந்து வாரம் முன்னால் வந்தவன். குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் அவனுக்கு எட்டேகால் மாதம் சொச்சம்தான். நாத்தனார் மகள் நிறைமாதக் குழந்தை என்றால் கணக்குப்படி அவள்தான் அக்கா.

மூன்று_பெற்றவள்:

கண்ணு, நீ கவலைப்படாதே. என் நடுப்பிள்ளை இதே மாதிரி உட்கார்ந்தே தேய்த்துக்கொண்டு போனவன், அவன் டிரவுசர் எல்லாம் பின்பக்கம் பூத்துப்போய் இருக்கும். பதினெட்டு மாதம் ஆனது நடக்க. என் தங்கை பிள்ளைகளில் ஒன்றும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் அது ஒரு வழக்கம் போல. அப்படி நகர்கிற குழந்தைகள் கொஞ்சம் தாமதமாக நடக்கும், ஆனால் நடந்துவிடும். உட்கார்ந்தபடி கை நீட்டி எல்லாம் எட்டிவிட்டால் எழுந்து நிற்க அதற்கு என்ன அவசரம்?

வேண்டுமானால் ஒரு சக்கர வாக்கர் வாங்கிப் போடு, கால் பழகிவிடும். நான் மூன்று பேருக்கும் போட்டேன்.

பிசியோ_அக்கா:

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். மேலே இரண்டு பேர் சொன்னதும் தவழ்வதைப் பொறுத்தவரை சரி, தவழாததற்காக மட்டும் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் உங்கள் பதிவை இரண்டாம் முறை படித்தபோது வேறு ஒரு வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் போகிற போக்கில் சிரித்துக்கொண்டே எழுதிய வரி அது.

இடது பக்கம் வைத்த பொருளையும் உடம்பைத் திருப்பி வலது கையால் எடுக்கிறான் என்கிறீர்கள். நகரும்போதும் ஊன்றுவது வலது கை.

முதல் வருடத்தில் குழந்தைகளுக்கு வலதுகை, இடதுகை என்ற வித்தியாசம் பெரும்பாலும் கிடையாது. எந்தக் கை பக்கத்தில் இருக்கிறதோ அது போகும், ஒரு கையில் இருப்பதை மறு கைக்கு மாற்றும், இரண்டையும் தட்டும். ஒரு கைப் பழக்கம் தெளிவாகத் தெரிய ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல் ஆகும். ஒரு வயதுக்கு முன்னாலேயே ஒரு கை மட்டும் எல்லா வேலையும் செய்தால், நாங்கள் கேட்பது மற்ற கைக்கு என்ன ஆயிற்று என்றுதான். பிறக்கும்போது தோளில் நரம்பு இழுபட்டிருக்கலாம், அந்தக் கையை இயக்குகிற மூளைப் பகுதியில் சின்னப் பாதிப்பு இருக்கலாம், குறைமாதக் குழந்தைகளில் இதை எப்போதும் மனதில் வைத்துக்கொள்வோம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எழுத்தைப் படித்து யாரும் சொல்ல முடியாது, நேரில் பார்க்க வேண்டும்.

அவன் தூங்கி எழுந்து நல்ல மனநிலையில் இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள். எதிரே உட்காருங்கள். அவனுக்குப் பிடித்த கிலுகிலுப்பையை நேர் நடுவில் நீட்டுங்கள், பிறகு இடது ஓரத்தில். அவன் வலது கையை மெதுவாக உங்கள் கைக்குள் பிடித்துக்கொண்டு இடது கை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விரல்கள் விரிகின்றனவா, அல்லது கட்டைவிரலை உள்ளே மடித்து முஷ்டியாகவே வருகிறதா? சட்டை போடும்போது இரண்டு கையும் ஒரே மாதிரி நுழைகின்றனவா? டயப்பர் மாற்றும்போது ஒரு கால் மட்டும் விறைப்பாக இருக்கிறதா? யாராவது போனில் எல்லாவற்றையும் படம் பிடிக்கட்டும். டாக்டர் அறையில் குழந்தைகள் ஒன்றும் செய்து காட்ட மாட்டார்கள், அழுவார்கள் அல்லது மின்விசிறியைப் பார்ப்பார்கள், அதனால் இந்த இரண்டு நிமிட வீடியோதான் அங்கே பேசும்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் உட்கார்ந்த குழந்தை கால் நுனியால் உந்துமே தவிர, எடையைத் தாங்கி நிற்கப் பழகாது, தன் காலையே பார்க்க முடியாது. அதோடு படிக்கட்டு, சூடான பாத்திரம் எல்லாம் எட்டிவிடும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழு ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுவரை உள்ள குழந்தைகளைப் படம் பிடித்து எண்ணியது: விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 காலடிகள், 17 முறை விழுதல். விழுந்து எழுந்துதான் நடை வருகிறது. வாக்கர் அந்தப் பதினேழையும் பிடுங்கிக்கொள்கிறது.

அரைத்தூக்கம்:

உடனே பதில் எழுத முடியவில்லை. படித்ததும் கை கால் ஓடவில்லை.

காலையில் செய்து பார்த்தோம். நடுவில் நீட்டினால் வலது. இடது ஓரத்தில் நீட்டினால் இடுப்பைத் திருப்பி வலது. வலது கையைப் பிடித்துக்கொண்டால் முதலில் கோபப்பட்டான், இழுத்தான், அப்புறம்தான் இடது கை வந்தது. மெதுவாக, முழங்கை மடிந்தபடி, முஷ்டியோடு. கிலுகிலுப்பையில் இடித்தது, பிடிக்கவில்லை. மூன்று முறையும் அப்படியே.

சட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இடது கையில் எப்போதும் சட்டைக்குள் கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும், நான் உள்ளே விரலை விட்டு எடுத்துவிடுவேன். எத்தனை மாதமாக இதைச் செய்கிறேன் என்று யோசித்துப் பார்த்தால் ஞாபகமே இல்லை. அது என் விரலுக்குப் பழகிப்போன வேலை, அதனால் கண்ணில் படவே இல்லை. பழைய வீடியோக்களை எல்லாம் போட்டுப் பார்த்தோம். நாங்கள் சிரித்துச் சிரித்து அனுப்பிய அந்தத் துடுப்பு வீடியோவிலும் இடது கை வயிற்றோடு ஒட்டியபடிதான் இருக்கிறது.

இவன் அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி இருக்கிறது.

காதுக்_கதை:

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். என் கதையையும் சொல்கிறேன்.

என் மகள் நான்கு மாதம் வரை நன்றாக "ங்கா, ஊ" என்று பேசினாள், அதனால் காது கேட்கிறது என்று நான் நிச்சயமாக நம்பினேன். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் அப்படிச் சத்தம் எழுப்பும் என்பது எனக்குத் தெரியாது. "பாபா, மாமா" என்று எழுத்துக்களைக் கோத்துச் சொல்வதுதான் காது சம்பந்தப்பட்டது, அது எட்டு, ஒன்பது மாதமாகியும் வரவில்லை. நான் பின்னால் போய்க் கை தட்டினால் திரும்பினாள், ஆனால் என் நிழலைப் பார்த்தும் தரையின் அதிர்வை உணர்ந்தும்தான் திரும்பினாள் என்று பிறகு புரிந்தது. பிறந்தபோது செய்ய வேண்டிய காது பரிசோதனையை அந்த மருத்துவமனையில் செய்யவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினோராம் மாதம் கண்டுபிடித்துக் கருவி மாட்டினோம். பல்லும் நடையும் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, வந்த சத்தம் நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

உங்களுக்கு ஒன்பதரையில் தெரிந்திருக்கிறது. இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

பிசியோ_அக்கா:

அதேதான். டாக்டரிடம் போய் "தவழவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், "அதெல்லாம் ஒரு வயது வரை பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள், அந்தக் கேள்விக்கு அது நியாயமான பதிலும்கூட. "இடது கையைப் பயன்படுத்துவதில்லை, முஷ்டியாகவே இருக்கிறது, 35 வாரத்தில் பிறந்தான்" என்று இந்த மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு வீடியோவைக் காட்டுங்கள். குழந்தை நரம்பியல் மருத்துவரையோ வளர்ச்சி மருத்துவரையோ பார்க்கக் கடிதம் கேளுங்கள். ஸ்கேன் வருவதற்கும், நோய்க்குப் பெயர் வைப்பதற்கும் நாளாகலாம், அதுவரை பயிற்சியைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. சந்தேகம் இருக்கும்போதே தொடங்குவதுதான் இப்போதைய நடைமுறை. இந்த வயதில் மூளை மாற்று வழி கண்டுபிடிக்கிற வேகம் பிறகு கிடைக்காது.

படித்துவிட்டுப் பயந்துபோன மற்ற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. மாதக் கணக்கில் முன்னே பின்னே இருப்பதைவிட நாங்கள் அதிகம் கவனிப்பது இவைதான்: மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காதது, நான்கு முடிந்தும் தலை நிற்காதது, ஒன்பது முடிந்தும் தனியாக உட்காராதது, உடம்பு துணி மாதிரித் தொங்குவது அல்லது கட்டை மாதிரி விறைப்பது, ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வது. எல்லாவற்றையும்விட, முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிடுவது. அது எந்த வயதாக இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு வாரத்தைக் கழிக்கிற கணக்கு மாதங்களுக்குத்தான் பொருந்தும். ஒரு கை ஒதுங்கி இருப்பதற்கு எந்தக் கழித்தலும் கிடையாது.

இரட்டையர்_அப்பா:

என் பதிலைத் திரும்பப் படித்தேன். அந்த வரியை நானும் படித்தேன், சிரித்துவிட்டுக் கடந்துபோனேன். புள்ளிவிவரம் எல்லாம் சரியாகத்தான் சொன்னேன், கேட்ட கேள்விக்கு மட்டும். என்ன ஆனது என்று வந்து சொல்லுங்கள்.

மூன்று_பெற்றவள்:

வாக்கர் விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அம்மா. என் நடுப்பிள்ளை இரண்டு கையையும் ஊன்றித்தான் நகர்ந்தான், இப்போது யோசித்தால் ஞாபகம் வருகிறது. தைரியமாகப் போய்வா. சாப்பிடாமல் போகாதே, அங்கே உட்கார வைத்துவிடுவார்கள்.

அரைத்தூக்கம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எங்கள் டாக்டர் வீடியோவை இரண்டு முறை போட்டுப் பார்த்தார், மூன்றாம் நாளே பெரிய டாக்டரிடம் அனுப்பினார். அவர் அவனைக் குப்புறத் தூக்கிப் பிடித்துத் தரையை நோக்கி வேகமாக இறக்கினார், எனக்கு உயிரே போய்விட்டது. விழும்போது இரண்டு கையும் முன்னால் நீண்டு விரிய வேண்டுமாம். வலது கை நீண்டது. இடது கை பாதி தூரம் வந்து மடங்கிவிட்டது. இடது காலிலும் லேசான இறுக்கம் இருக்கிறது என்றார். எம்.ஆர்.ஐ. அடுத்த மாதம். உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கிற பெருமூளை வாதமாக (செரிப்ரல் பால்சி) இருக்கலாம், லேசானதாகத் தெரிகிறது, ஸ்கேன் பார்த்த பிறகு பேசலாம் என்றார். நடப்பானா என்று கேட்டேன். இப்படிப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நடக்கிறார்கள் என்றார். கையைத்தான் இப்போதே பிடித்து வேலை வாங்க வேண்டுமாம்.

பயிற்சி தொடங்கிவிட்டோம். வலது கைக்கு ஒரு காலுறையை மாட்டிவிட்டு, தெரபிஸ்ட் சொன்ன நேரம் மட்டும், இடது பக்கமாக உட்கார்ந்து விளையாட வேண்டும். முதல் நாள் காலுறையை வாயால் கடித்து இழுத்தே கழற்றிவிட்டான். இரண்டாம் நாள் என்னை முறைத்தான். போன வியாழக்கிழமை ஒரு காகிதத்தை கசக்கிச் சத்தம் காட்டினேன், இடது கை வந்து அதன் மேல் படுத்தது, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மடங்கிக் காகிதத்தைப் பற்றின. இரண்டு விரல். இவன் அப்பா சமையலறைக்குள் போய்விட்டார், வெகுநேரம் வரவில்லை.

செயலியை அழித்துவிட்டேன். நாத்தனார் மகள் நடக்கிறாளாம், நேற்று வீடியோ வந்தது, இரண்டு முறை பார்த்தேன், அழகாக இருக்கிறது.

பெரிய டாக்டரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியபோதுதான் பார்த்தேன், முதல் கேள்வியையே கேட்காமல் வந்திருக்கிறேன்: எப்போது தவழ்வான்?